இடப்பக்கத்து இருக்கை

செங்கல்வராயனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கும்மிடிப்பூண்டிக்கு வெளியே, டிரங்க் ரோட்டை ஒட்டி, சொந்தப் பெயரில் மோட்டார் கம்பெனி நடத்திச் சின்னச் சின்ன வேன்களாகச் செய்து விற்றவர், சாகும்வரை ஒரு ஸ்டீயரிங்கைக்கூடப் பிடித்ததில்லை. ஆனால் அவர் ஏறி உட்காராமல் எந்த வண்டியும் கம்பெனியை விட்டு வெளியே போனதில்லை.

புது வண்டி தயாரானதும் இடப்பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்வார். டிரைவர் தாவீது ஓட்டுவார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே என்ஜினை மூடியிருக்கும் தகரப் பெட்டியின் மேல் வலது கையை வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். சுண்ணாம்புக்குளம் தாண்டி, பழவேற்காடு ஏரியின் கரையில் வண்டி நிற்கும். தாவீது என்ஜினை அணைக்காமல் இறங்கி, வண்டிக்கு முதுகைக் காட்டியபடி தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். பெரியவர் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். எதைக் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு கையை எட்டி ஹாரனை அழுத்துவார். ஒரு தடவை அடித்தால் வண்டி தேறிவிட்டது. இரண்டு தடவை அடித்தால் மறுபடியும் ஷெட்டுக்குப் போக வேண்டும்.

வண்டி திரும்பி வரும்போது, கேட்டருகே கூடியிருக்கும் தொழிலாளிகள் அவர் முகத்தைப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். அது அவருக்கு ஆகாது. "என் மூஞ்சியில இன்னாடா இருக்குது? சக்கரத்தைப் பாருங்கடா!" என்று கத்துவார். அதனால் வண்டி உள்ளே நுழையும்போது எல்லோரும் தலையைக் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பது அங்கே பழக்கமாகிவிட்டது. வண்டி ஓட்டும் தாவீதும் இடப்பக்கம் திரும்ப மாட்டார்.

அறுபத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் பெரியவர் மாரடைப்பில் இறந்தார். கருமாதி முடிந்து ஷெட்டைத் திறந்தபோது ஒரு வண்டி தயாராக நின்றது. தாவீது பழக்கதோஷத்தில் இடப்பக்கத்து இருக்கையில் பெரியவரின் வெள்ளைத் துண்டை விரித்தார். ஏரிக்கரைக்குப் போனார். இறங்கி, முதுகைக் காட்டி நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. காலியான வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் தன்னை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. திரும்பலாம் என்று காலை எடுத்தபோது பின்னால் ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தடவை.

கம்பெனிக்கு வந்து அவர் அதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. போர்மேன் திருமலை மட்டும், "அப்ப வண்டி ஓகேவா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் வேறொரு வண்டிக்கு ஹாரன் இரண்டு தடவை அடித்தது. பிரித்துப் பார்த்தார்கள். பின் அச்சில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் பெரியவர் இறந்துபோனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவருடைய ஒரே மகன் பரசுராமன் ஜெர்மனியில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தான். கம்பெனி அவன் பெயருக்கு மாறியிருந்தது. ஏரியின் உப்புக்காற்று ஒயரை அரித்து, அதில் ஈரம் பட்டால் ஹாரன் தானாக அடிக்கும் என்று அவன் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினான். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். எல்லா ஒயருக்கும் ரப்பர் உறை போடச் சொன்னான், போட்டார்கள். ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

வீட்டில் அம்மா சம்பூர்ணம் இதைக் கேட்டு வேறு மாதிரி வருத்தப்பட்டாள். "செத்தும் வேலைக்குப் போறாரு பாரு அந்த மனுசன். ஊட்டுக்கு ஒரு நாளாவது வந்தாரா? பொண்டாட்டி இருக்காளா போனாளான்னு எட்டிப் பாத்தாரா?" என்று நாஷ்டாத் தட்டை அவன் முன்னால் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழைய மாதிரி வண்டிகள் தேறிக்கொண்டிருந்தவரை பரசுராமன் அதை அப்படியே விட்டுவிட்டான். எழுபத்திரண்டில் அவன் தன் கையால் வரைந்த முதல் வண்டி தயாரானது. அதற்குக் குருவி என்று பெயர் வைத்திருந்தான். என்ஜினை முன்னாலிருந்து எடுத்துப் பின்பக்கம் தளத்துக்கு அடியில் வைத்திருந்தான். அதனால் முன்னால் சூடு இல்லை, அதிர்வு இல்லை, சத்தமும் இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவுக்கு இடம் இருந்தது. மெட்ராஸில் ஒரு ரொட்டிக் கம்பெனிக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்தே ஆசைப்பட்டார்கள். முதல் வண்டியை ஓட்டிப் பார்த்துப் பிடித்துவிட்டால், தங்கள் வண்டிகள் எல்லாவற்றையும் குருவியாகவே மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை ஆள் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

திங்கட்கிழமை தாவீது குருவியை ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார். ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

பரசுராமன் வண்டியை முழுசாகப் பிரித்தான். ஒவ்வொரு உருப்படியையும் தன் கையால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதிலும் ஒரு குறை இல்லை. பூட்டி மறுபடியும் அனுப்பினான். மறுபடியும் இரண்டு தடவை.

அவனே ஏறி வண்டியைக் கேட்டுக்கு ஓட்டிவந்தான். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. தொழிலாளிகள் ஒவ்வொருவராக வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. எல்லோரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என் கம்பெனி திருமலை" என்றான் பரசுராமன்.

"ஆமாங்க சார். யாரு இல்லன்னாங்க?" என்றார் திருமலை. "கம்பெனி ஒங்களுதுதான். வண்டி விஷயம் பெரியவருது. நாளிக்கு ரோட்டுல ஒரு உசுரு போச்சுன்னா, அவரு ரெண்டு தபா சொன்னாரே கேட்டியாடான்னு எங்களைத்தான சார் கேப்பாங்க?"

"பார்ட்ஸ் எல்லாம் நீங்களும்தான பார்த்தீங்க. என்ன குறை இருந்தது?"

"ஒரு கொறையும் இல்ல சார். அதான் பயமா இருக்குது."

பரசுராமன் இறங்கித் தன் அறைக்குப் போனான். இந்த ஒரு வண்டி அந்தக் கேட்டைத் தாண்டாவிட்டால், இனி தன் வாழ்நாளில் தான் நினைத்த எதுவும் அதைத் தாண்டப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அப்பா காலத்து வண்டிகளையே செய்துகொண்டு, அப்பா சொல்லும் பதிலுக்காக இந்த ஜன்னலருகே உட்கார்ந்து கிழவனாக வேண்டியதுதான். மாலையில் எல்லோரும் போன பிறகு ஷெட்டுக்குப் போய், குருவியின் ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டு ஹாரன் ஒயரைக் கழற்றிவிட்டான். அடிக்கவே இல்லையென்றால் மறுப்பும் இல்லை என்று நினைத்தான்.

வியாழக்கிழமை காலையில் தாவீது மறுபடியும் குருவியை ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனார். சாதாரணமாக டீ இடைவேளைக்குள் திரும்பிவிடுவார். அன்று சாப்பாட்டு மணி அடித்த பிறகும் வரவில்லை. ரொட்டிக் கம்பெனியிலிருந்து ஆள் புறப்பட்டுவிட்டதாகப் போன் வந்தது. பரசுராமன் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான்.

கரையில் குருவி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கிட்டே போகும்வரை அது ஓடுவதே தெரியவில்லை. வண்டிக்குச் சற்றுத் தள்ளி, முழங்கால் வரைக்கும் தண்ணீரில், முதுகைக் காட்டியபடி தாவீது நின்றுகொண்டிருந்தார். காலையில் அவர் நின்றது கரை மணலாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடல் ஏற்றத்தில் ஏரித் தண்ணீர் உயர்ந்து வந்திருந்தது. அவர் நகரவில்லை. சட்டை வேர்வையில் நனைந்து காய்ந்து, முதுகில் உப்பு வரிவரியாகப் படிந்திருந்தது.

"தாவீது!"

அவர் திரும்பவில்லை. "இன்னும் அடிக்கல சார்."

"அடிக்க மாட்டார். ஒயரை நான் கழட்டிட்டேன்."

தாவீதின் தோள்கள் ஒருமுறை குலுங்கின. "இன்னா சார் நீங்க? அவரு வாயைக் கட்டிப் போட்டுட்டீங்களே. காலையிலேர்ந்து எவ்ளோ அவஸ்தைப்பட்டாரோ. நான் கூட, இன்னா இது, இம்மா நேரம் யோசிக்கிறாரேன்னு நெனச்சுக்கினு நிக்கிறேன்."

"நீங்க வேதக்காரர்தானே? இதையெல்லாம் நம்பறீங்களா?"

"நம்பறதா? பாஸ்டருக்குத் தெரிஞ்சா பேஜாரு சார். ஆனா நம்பறதுக்கு இதுல இன்னா இருக்குது? வேலைக்கு வர்றவரு வர்றாரு." பிறகு கெஞ்சும் குரலில் சொன்னார்: "மாட்டி உடுங்க சார். மாட்டிட்டு நீங்களும் இப்புடி வந்து திரும்பி நில்லுங்க. அவரு சொல்லாம நான் வண்டியைத் தொட மாட்டேன்."

பரசுராமன் வண்டிக்குள் ஏறிக் குனிந்து ஒயரை மாட்டினான். நிமிர்ந்தபோது எதிரே துண்டு விரித்த இருக்கை இருந்தது. இரண்டு தடவை அடிக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். அது உப்புக்காற்றாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். எதுவானாலும் இரண்டு தடவைதான். ரொட்டிக் கம்பெனி ஆள் இந்நேரம் பொன்னேரிப் பக்கம் வந்திருப்பான்.

அவன் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நடந்து, துண்டின் மேல் உட்கார்ந்தான்.

இருக்கை அமுங்கவில்லை. புது ஸ்பிரிங், அவனே தேர்ந்தெடுத்தது, உட்கார்ந்தால் நான்கு விரற்கடை இறங்க வேண்டும். அது ஏற்கெனவே இறங்கியிருந்தது. துண்டு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டான்.

அவன் வலது கை தானாகப் பக்கத்தில் நீண்டது. அங்கே தகரப் பெட்டி இல்லை. கை வெறும் காற்றில் தொங்கியது. என்ஜினைக் கேட்க முயன்றான். எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு பாடுபட்டு அந்த நிசப்தத்தைச் செய்திருந்தான்! இப்போது அங்கே உட்கார்ந்திருக்கும்போது அது மூடிய கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருந்தது. வண்டி உயிரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. இந்த இடத்திலிருந்து இதை ஒருவரால் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? கண்ணாடிக்கு வெளியே பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன. அவையும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. குருவி என்ன, உலகத்தில் ஓடுகிற எந்த வண்டியானாலும் சரி, அது தேறாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அந்த நிச்சயம் அவனுடையதில்லை. ஆனால் அவன் நெஞ்சுக்குள்தான் இருந்தது.

கையை எட்டி ஹாரனை அழுத்தினான். ஒரு தடவை.

கை திரும்பி வரவில்லை. இன்னொரு தடவை அழுத்த வேண்டும் என்று விரல்கள் துடித்தன. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். கை அங்கேயும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

தாவீது தண்ணீரைச் சளப் சளப்பென்று மிதித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஒண்ணு! ஒண்ணுதான்! சார், கேட்டீங்களா சார்?" ஜீப் பக்கம் போய்ப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "சார்! சின்னவரே! எங்க போய்ட்டாரு? குப்பத்துப் பக்கம் போயிருப்பாராட்டம் இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டிரைவர் இருக்கையில் ஏறினார். பழக்கப்படி இடப்பக்கம் திரும்பவே இல்லை. கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினார்.

நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லப் பரசுராமன் வாயைத் திறந்தான். சொன்னால் அந்த ஒரு ஹாரன் பொய்யாகிவிடும். வாயை மூடிக்கொண்டான்.

சுண்ணாம்புக்குளம் தாண்டியதும் தாவீது பேச ஆரம்பித்தார். பெரியவரோடு தினமும் பேசுகிறவர்போல இயல்பாகப் பேசினார்.

"கோச்சிக்காதீங்க பெரியவரே, மனசுல பட்டதைச் சொல்றேன். திங்கக்கெழம ஏன் ரெண்டு அடிச்சீங்கன்னு எனக்குப் புரியல. நல்ல வண்டிதான் இது. வெண்ணெ மாதிரி போவுது பாருங்க." கியரை மாற்றினார். "ஒங்க புள்ள ரொம்பப் பாடுபட்டுது. ஒங்களை மாதிரி கத்தத் தெரியல அதுக்கு. கத்துனாவாவது எதுர்த்துப் பேசலாம். அது சும்மா பாக்குது. எங்களுக்கும் அதுங்கிட்ட இன்னா பேசறதுன்னு தெரியறதில்ல. நீங்க இருக்கறப்ப அதுங்கிட்ட எப்புடிப் பேசறது, சொல்லுங்க?"

பரசுராமன் முன்னால் ஓடும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எறங்கிக்கினாதான பெரியவரே அது ஏறும்?" என்றார் தாவீது. பிறகு அதிகம் பேசிவிட்டோமோ என்று பயந்தவர்போலக் கம்பெனி வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

கேட் திறந்திருந்தது. எல்லோரும் இரண்டு வரிசையாக நின்று சக்கரத்தைப் பார்த்தார்கள். "ஒண்ணு!" என்று தாவீது ஜன்னல் வழியாகக் கத்தினார். குனிந்த தலைகளுக்குள்ளிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. யாரோ பூசணிக்காய் கொண்டுவர ஓடினார்கள். யாரோ விசிலடித்தார்கள். "சின்னவருக்குச் சொல்லுங்கடா! சின்னவரு எங்க?" என்று திருமலை கத்தினார். "சார்! பரசுராமன் சார்!" என்று ஷெட் ஷெட்டாக அவனைத் தேடிக் குரல்கள் போயின. அத்தனை சந்தோஷமாகத் தன் பெயரை அந்த வளாகத்தில் யாரும் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை.

ரொட்டிக் கம்பெனியின் ஆள், காக்கிச் சட்டை போட்ட வாலிபன், முற்றத்தில் காத்திருந்தான். அவனுக்கு இந்த இடத்துப் பழக்கம் எதுவும் தெரியாது. நேராக வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தான். நிமிர்ந்து இருக்கையில் இருந்த முகத்தை நன்றாகப் பார்த்தான். அங்கே அந்த முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

"மெதுவா எறங்குங்க தாத்தா" என்றான். "படி ஒசரமா இருக்குது. கையைக் குடுங்க."

பரசுராமன் கையைக் கொடுத்தான். அவன் வயசு முப்பத்தொன்று. வாலிபன் அவனுடைய முழங்கையைத் தாங்கி, விழுந்துவிடாமல் பார்த்துப் பார்த்துத் தரையில் இறக்கிவிட்டான். இறங்கும்போது முட்டி வலித்தது. பிறகு வாலிபன் டிரைவர் பக்கம் போய் ஏறினான். தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குருவி பழங்களை நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது.

பரசுராமன் முற்றத்தின் நடுவில் நின்றான். அவன் நடந்த பக்கமெல்லாம் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்கள். திருமலை மட்டும் எதிரே வந்து, கண்களைத் தரையிலிருந்து எடுக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சொல்லிவிட அதுதான் நேரம். 'திருமலை, நான்தான், மேலே பாருங்க.' அவ்வளவு போதும். ஆனால் நான்தான் என்றால் ஹாரன் அடித்ததும் நான்தான். இவர்கள் சைக்கிளில் துரத்திப் போயாவது கவரைப்பேட்டைக்குள் அந்த வண்டியை மறித்துத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

டிரங்க் ரோட்டில் குருவி இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறுவது கேட்டது. அந்தப் பல்சக்கரத்தை அவனே வரைந்து, அவனே கடைந்திருந்தான். கரகரப்பே இல்லை. சத்தம் மெட்ராஸ் பக்கமாகக் குறைந்துகொண்டே போனது.

"பெரியவரே" என்றார் திருமலை, மிகத் தணிந்த குரலில். "சின்னவருக்கு இன்னா சொல்லட்டும்?"

பரசுராமன் சத்தம் முழுவதும் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"வண்டி நல்லா இருக்குதுன்னு சொல்லு" என்றான். அவன் தொண்டையிலிருந்து வந்த குரல் கட்டையாக, கொஞ்சம் கோபமாக இருந்தது. "நல்லா செஞ்சிருக்கான்னு சொல்லு."

திருமலை தலையை ஆட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆபீஸ் அறையை நோக்கிச் சின்னப் பையனைப்போல ஓடினார். பரசுராமன் அங்கேயே நின்று பார்த்தான். அவர் வாசலில் செருப்பைக் கழற்றி, மூடியிருந்த கதவைத் தட்டுவது தெரிந்தது.

உள்ளேயிருந்து, "வாங்க திருமலை" என்று அவனுடைய சொந்தக் குரலே கேட்டது. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு அவர் உள்ளே போனார்.